மூக்கு மகானின் ஆடும் செல்கள்

மூக்கு மகான் வந்துவிட்டார்! அறுந்த நரம்பு ஒட்டும், முடங்கிய கால் நடக்கும், மருந்து உங்கள் மூக்குக்குள்ளேயே இருக்கிறது என்று ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்தியது. அப்புறமென்ன, வாடகை மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது.

மகானின் வைத்தியம் ரொம்பச் சுலபம். மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டு ஒரு குடை குடைவார். அதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைப்பார். கண்ணை மூடி ஊதுவார். பக்கத்துத் திரையில் செல்கள் துள்ளிக் குதிக்கும். "ஸ்டெம் செல் தயார்!" என்பார். உடனே முதுகுத்தண்டில் ஊசி. தும்மினால் மட்டும் செல் பறந்துவிடுமாம். மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். அதனால் கூட்டமே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. பட்டதாரிகள் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். படிப்பு வீண்போகுமா?

ஏணியிலிருந்து விழுந்து கால்கள் முடங்கிப்போன எலக்ட்ரீஷியன் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். ஆஸ்பத்திரிப் பயிற்சியில் அப்போதுதான் கால் கட்டைவிரல் லேசாக அசையத் தொடங்கியிருந்தது. வம்படியாக இழுத்து வந்தவர் அவருடைய அண்ணன். கூட வந்த மனைவிக்குத்தான் கவலை. கண்டதையும் முதுகில் ஏற்றி, இருக்கிற அசைவும் போய்விட்டால்?

"பயிற்சியெல்லாம் இன்னையோட நிறுத்திடணும். செல்லுக்குக் கோவம் வரும்" என்றார், அவர் மூக்கையும் குடைந்து ஊதி முடித்த மகான்.

செல்லுக்குக் கோபம்! கேட்டீர்களா கதையை?

"ஐயா, ஆஸ்பத்திரியில கேட்டேன்" என்றாள் மனைவி. "மூக்குச் செல்லைப் பிரிச்சு, கிருமி படாம வளர்க்கவே வாரக்கணக்காகுமாம். அதுவும் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்காம். நீங்க ஊதுனதும் வளந்துடுச்சா?"

"அவங்ககிட்ட மெஷின் இருக்கும்மா. என்கிட்ட அருள் இருக்கு."

"நீ சும்மா இரும்மா!" அண்ணன் பல்லைக் கடித்தார்.

அவள் திரையையே முறைத்தாள். "ஏங்க, முந்தின ஆளுக்கும் இதே குண்டுச் செல்லுதானே குட்டிக்கரணம் போட்டுச்சு?"

கணவரும் உற்றுப் பார்த்தார். "அட, ஆமா! அந்தக் கண்ணாடியை எடுத்துப் பாரேன்."

விறுவிறுவென்று போனாள். கண்ணாடித் துண்டை உருவித் தலைக்குமேல் பிடித்தாள். திரையில் செல்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

"மாமா, உங்க தம்பியோட செல்லு என் கையில இருக்கு. அங்க ஆடறது யாரோடது?"

அண்ணன் மேசைத் துணியைத் தூக்கினார். அடியில் ஒரு வீடியோப் பெட்டி, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தது. மகானுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஊசியில வெறும் உப்புத்தண்ணிதாங்க! அடிச்சுடாதீங்க!" என்று தானாகவே உளறினார்.

அண்ணன் நாற்காலியை வாசலுக்குத் திருப்பினார். "நாளைக்குப் பயிற்சிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்டா."

கதை முடிந்தது என்கிறீர்களா? வரிசையிலிருந்து ஒருவர் சீறினார்: "பாவிங்க, காரியத்தைக் கெடுத்துட்டாங்களே! இப்படிச் சந்தேகப்பட்டா செல்லு எப்படி வேலை செய்யும்?" பின்னாலிருந்தவர்கள் பலமாகத் தலையாட்டினார்கள்.

அறுந்த நரம்புக்கு ஆராய்ச்சி என்றாவது ஒருநாள் மருந்து கண்டுபிடிக்கும். யோசிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மூளைக்கு எந்த ஆய்வுக்கூடத்தில் அய்யா மருந்து காய்ச்சுவது?