மாமா குஜராத் பஸ்ஸில் ஏறிய விவரம்

கூடுவாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

மதுரையில் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கும் மச்சான் பாலசுப்ரமணியன் அவர்களுக்கு கோபாலகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். குறிப்பாக உங்கள் அப்பா நலம். முழுசாக நலம். இதை முதல் வரியிலேயே எழுதச் சொல்லி உங்கள் தங்கை பக்கத்திலேயே நிற்கிறாள்.

கண் ஆபரேஷனுக்கு வந்த உங்கள் அப்பா, என் மாமா, எங்கள் வீட்டில் யாரும் சௌராஷ்டிரத்தில் பேசுவதில்லை என்று கோபித்துக்கொண்டு மூன்று வாரமாகத் தமிழை விட்டுவிட்டார். பட்டு நெய்ய வந்த நம் முன்னோர் குஜராத்திலிருந்து சுமந்து வந்த பாஷையை நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் தொலைத்துவிட்டேனாம். திட்டியதும் சௌராஷ்டிரத்தில்தான் என்பதால் எனக்குப் பாதிதான் புரிந்தது. சரி, மனசு மாறட்டும் என்று நேற்று மாமல்லபுரம் அழைத்துப்போனோம். டிக்கெட் வாங்கித் திரும்பினால் மாமா இல்லை! இளநீர் விற்கும் சின்னப்பொண்ணு என்கிற அம்மாதான் சொன்னாள்: "கண்ணாடி போட்ட பெர்சா? தமிழே வரல, குஜராத்து ஆளுங்களாண்ட சிரிச்சுப் பேசிகினு இருந்தாரு. அவங்க ஆளுன்னு கைடு பஸ்ல ஏத்திட்டாரு சார். பாண்டிச்சேரி போய்கினு கீது."

மாமாவிடம் போனும் இல்லை, கண்ணுக்கு மருந்து விடும் நேரம் வேறு. அந்த பஸ் டிரைவரின் நம்பரைத் தேடிப்பிடித்து, போனை மாமாவிடம் கொடுக்கச் சொல்லி, "மாமா, இறங்குங்க!" என்று தமிழில் கத்தினேன். வைத்துவிட்டார். உங்கள் தங்கை அழுதுகொண்டே சௌராஷ்டிரத்தில் பேசினாள்; தப்பைத் திருத்திவிட்டு வைத்துவிட்டார். அப்போதுதான் எங்கள் மருமகள் பிரிசில்லா போனைப் பிடுங்கினாள். செங்கல்பட்டுப் பெண், கிறிஸ்தவப் பெண், இவள் வந்தால் அந்த வீட்டில் நம்ம பாஷை அவ்வளவுதான் என்று நீங்கள் கல்யாணத்துக்கே வராமல் இருந்தீர்களே, அதே பிரிசில்லா. மச்சான், சௌராஷ்டிரம் மழையாகக் கொட்டியது! மூன்று வாரமாகக் கண்ணுக்கு மருந்து விடும்போது மாமாவிடமே கற்றிருக்கிறாள்.

"இன்னாம்மா சொன்ன?" என்றேன்.

"அங்கியே எறங்கி நில்லுங்க தாத்தா, நான் மருந்தோட வரேன்னேன். இல்லாங்காட்டி இனிமே தமிழ்லதான் பேசுவேன்னேன். தாத்தா பயந்துட்டாரு, மாமா."

கல்பாக்கம் டீக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கிய நாற்பது குஜராத்துக்காரர்கள் நடுவில் மாமா உட்கார்ந்திருந்தார். தண்ணீருக்கு நம் 'பனி' சரியா, அவர்கள் 'பாணி' சரியா என்று வாதம். மடி நிறைய இனிப்பு. பிரிசில்லாவைப் பார்த்ததும் தானாகவே முகத்தை நிமிர்த்தி மருந்துக்குக் கண்ணைக் காட்டினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், நிம்மதியில்தான்.

ஆகவே பதற ஒன்றுமில்லை, நீங்கள் லீவு போட்டு வர வேண்டாம். அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். பிரிசில்லாவும் சௌராஷ்டிரத்தில் ஏதோ விசாரித்தாள். எனக்கு எழுதத் தெரியவில்லை.

இப்படிக்கு,
கோபாலகிருஷ்ணன்

பி.கு.: கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "கைடு எங்க ஏத்துனான்? நானாத்தேன் ஏறுனேன். அவுங்க ஊரு ராஜ்கோட்டுக்கு வரச்சொல்லிருக்காங்க, புதன்கிழமை கெளம்புறேன்" என்கிறார், மூன்று வாரத்துக்குப் பிறகு தமிழில்! பிரிசில்லா டிக்கெட்டும் போட்டுவிட்டாள். மூன்று பேருக்காம்: மாமா, அவள், மூன்றாவது நீங்கள். உடனே புறப்பட்டு வரவும்.