செங்கோடன் நாற்காலியும் இரண்டு பூப்பொட்டலமும்

எடப்பாடி,
12.3.83

மதிப்புக்குரிய சின்னுசாமி மாமா அவர்களுக்கு, தங்கசாமி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவின் முட்டுவலியைத் தவிர இங்கு எல்லோரும் நலம், கிணறுதான் நலமில்லை. அங்கே அத்தையும் உங்கள் லாரியும் பழுதில்லாமல் ஓட வேண்டும்.

மக்களாட்சி, குடியரசு, அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி, இந்த மூன்றுக்கும் வித்தியாசம் என்ன என்று உங்கள் மகள் கண்ணாத்தாள் பரீட்சைக்காகக் கேட்டு எழுதியிருந்தாள். எலெக்ட்ரிகல் டிப்ளமோக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் எங்கள் கூட்டுக் கிணற்றில் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கிணற்றுக்கு ஒன்பது பங்குதாரர்கள். பங்குக்கு ஒரு நாள் முறைத்தண்ணீர். எதுவானாலும் கை தூக்கி முடிவு செய்வோம். எந்தப் பக்கம் கை அதிகமோ அந்தப் பக்கம். அது மக்களாட்சி. ஆனால் தலைவர் யார் என்றால், கிணறு வெட்டிய செங்கோடன். அவர் செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. வேறு யார் உட்கார்ந்தாலும் மற்றவர்களுக்குப் பொறுக்காது என்று செத்தவரையே வைத்துக்கொண்டார்கள். மோட்டார் ரூமில் அவர் மர நாற்காலி, அதன் மேல் அவர் துண்டு. நாற்காலி முனகும், துண்டு எப்போதும் ஈரமாக இருக்கும். மோட்டார் ஃபவுண்டேஷன் போல்ட் லூஸ், அதனால் தரை அதிர்கிறது. ஈரம் கிணற்றுக் காற்று. பயப்பட ஒன்றுமில்லை.

கை தூக்கி முடித்ததும் நாற்காலி முன்னால் பூக் கேட்பார்கள். இரண்டு பூவரச இலைப் பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. எடுத்தது வெள்ளை என்றால் செங்கோடன் சரி என்கிறார், சிவப்பு என்றால் கூடாது என்கிறார். இதுவரை முப்பத்தெட்டுத் தடவை கேட்டு, முப்பத்தெட்டும் வெள்ளை! எந்த ஊர் நிகழ்தகவு இது? பொட்டலம் கட்டும் நாச்சிமுத்தண்ணனைப் பிடித்து உலுக்கினேன்.

“ரெண்டுலயும் வெள்ளதானுங்க தம்பி. எல்லாரும் கை தூக்குனதப் பெரியவரு வேண்டாம்னுட்டா, அப்பறம் சண்டயில்லாம ஊடு போய்ச் சேருவமா?”

கண்ணாத்தாள் இதற்கு அடிக்கோடு போடட்டும். ராஜா உட்கார்ந்திருப்பார், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் இருக்கும். அதுதான் அரசியலமைப்பு முடியாட்சி.

போன வியாழக்கிழமை மோட்டார் ரூமில் கூட்டம், கிணற்றில் முழங்கால் தண்ணீர்தான். செங்கோடனின் மகன் சின்னண்ணன் எழுந்து, “மயிலக்கா முறைய நிறுத்திப்போடலாமுங்க. ஆம்பள இல்லாத காட்டுக்கு எதுக்கு ஒரு நாள் பூராத் தண்ணி?” என்றான். மயிலம்மாள் புருஷனை இழந்தவள், இரண்டு பெண் குழந்தைகள், ஒரு ஏக்கர் வெங்காயம். இந்த முறை தண்ணீர் பாயவில்லை என்றால் வெங்காயமும் இல்லை, வருஷம் முழுக்கச் சோறும் இல்லை.

அவள் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்: “ஊத்து இருக்கற வரைக்கும் யாரு முறயும் நிக்கப்படாதுன்னு பத்திரத்துல எழுதுனது உங்கப்பன். அதக் கெணத்துல போட்டுப்போட்டு அப்பறம் கை தூக்குங்க.”

ஏழு கை தூக்கியது. அவளும் நானும் தூக்கவில்லை. எழுதிய சட்டம் கைக்கு மேலே நிற்க வேண்டாமா என்று கத்தினேன். “டிப்ளமா பேசுதுங்கோ” என்று சிரித்தார்கள்.

இப்படி நடக்கும் என்று தெரிந்தே நான் செவ்வரளி வைத்து இரண்டு பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நல்லவேளையாகக் கரண்ட் போனது. எல்லோரும் ஸ்டார்ட்டரைப் பார்க்கத் திரும்பியதும் நாச்சிமுத்தண்ணனின் பொட்டலங்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னுடையதை வைத்தேன். மோட்டார் நின்றுவிட்டது, நாற்காலி முனகுவது நிற்கவில்லை. மரம் காய்கிற சத்தமாக இருக்கும். சின்னண்ணன் ஒன்றை எடுத்தான். சிவப்பு. அதை வீசிவிட்டு இன்னொன்றைப் பிரித்தான். சிவப்பு. துண்டின் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. “அப்பா, நான் சும்மா சொன்னனுங்க” என்றான் சின்னண்ணன், நாற்காலியைப் பார்த்து. நாச்சிமுத்தண்ணன் நாற்காலி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கரண்ட் வந்ததும் மயிலக்கா மடை திறக்கப் போய்விட்டாள்.

மாமா, ஒரு திருட்டுப் பொட்டலத்தை நம்பி எத்தனை நாளைக்கு ஒருத்தி வெங்காயம் போடுவாள்? நாளைக் காலை அந்த நாற்காலியை நானே வெளியே தூக்கிப் போடுகிறேன். வருஷா வருஷம் தலைவரைத் தேர்ந்தெடுப்போம், வாரிசும் கிடையாது, செத்தவரும் கிடையாது, பத்திரம் எல்லோருக்கும் மேலே. அது குடியரசு. கை தூக்குவது இதிலும் உண்டு, ராஜா இருந்தாலும் உண்டு. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் குழம்பும்.

அத்தைக்கு என் வணக்கம். கண்ணாத்தாள் முதல் வகுப்பில் தேற அம்மாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கசாமி

பி.கு. கவர் ஒட்டும் முன்பு அன்றைக்குப் போட்டிருந்த சட்டையின் பையைத் தடவினேன். நாச்சிமுத்தண்ணனின் பொட்டலங்கள் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. பிரித்தேன். இரண்டும் சிவப்பு. ஓடிப்போய்க் கேட்டேன். “ரெண்டுலயும் நந்தியாவட்ட வெச்சு என் கையாலதான் கட்டுனனுங்க” என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். ஆக, நான் மாற்றியிருக்கவே வேண்டாம். முடியாட்சிக்கு நான் எழுதிய விடையைக் கண்ணாத்தாள் அடித்துவிடட்டும். நாற்காலியை நாளைக்குத் தூக்கவில்லை. வருகிற வழியில் ஸ்பேனரோடு மோட்டார் ரூமுக்குப் போனேன். போல்ட் லூசே இல்லை மாமா.