கமலாசனி ரீச்சரின் மருந்தில்லா இல்லம் பற்றி என் முடிவு

தேவமாதா துணை

தண்ணீரூற்று,
14.05.1999

அன்புத் தங்கச்சி அற்புதத்துக்கு அண்ணன் கிறிஸ்தோப்பர் எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் மகள் நிரோசினியும் வவுனியாவில் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இந்தக் கடிதம் சோதனைச்சாவடி எல்லாம் தாண்டி உன் கைக்கு வர ஒரு மாதம் செல்லும் என்பதால், ஒரு மாதத்துக்கும் சேர்த்தே மன்றாடியிருக்கிறேன்.

நீ கேட்டது ஒரேயொரு சொல். "அண்ணை, அந்த இல்லத்தில அஞ்சு நாள் நிண்டு உங்கட கண்ணால பாருங்கோ. இந்த மனிசன் திருந்துவாரெண்டால், திரும்ப அவரோட சேந்திருக்க 'வா' எண்டு எழுதுங்கோ, இல்லாட்டி 'வராதை' எண்டு எழுதுங்கோ" என்று எழுதியிருந்தாய். ஆவணியில் இங்கே நம்முடைய கோயிலில் பிள்ளைக்குக் கலியாணம். உன்ர மனிசன் அன்ரன் அவளைக் கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப்போவாரா, அல்லது போன வருசத் திருநாளில் செய்ததுபோலச் சொரூபத்துக்கு முன்னால் விழுந்து கிடப்பாரா என்பதுதான் உன் கவலை. நாற்பது வருசம் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவன் நான். முன்னும் பின்னும் பாராமல் எதிலும் குத்த மாட்டேன். ஆகவே பொறுமையாக வாசி.

அன்ரன் நாலு மாதமாக இருக்கும் இல்லத்தின் பெயர் 'மருந்தில்லா மறுவாழ்வு இல்லம்'. வன்னிக்குள் மருந்து வருவதே இல்லை, இங்கே எல்லா வைத்தியமும் மருந்தில்லா வைத்தியம்தான். கமலாசனி ரீச்சர் மட்டும்தான் அதற்குப் பலகை எழுதி மாட்டியிருக்கிறா. ஊரில் பாதிப்பேர் அவாவைத் தெய்வம் என்கிறார்கள், மற்றப் பாதி அவாவுக்குத்தான் முதலில் வைத்தியம் வேணும் என்கிறார்கள். விடிய எழும்பியதும் பதினொரு குடிகாரரையும் நெல்லவிக்கிற கிடாரத்தைச் சுற்றி இருத்தி, சாக்கால் போர்த்து வேர்க்கப் பண்ணுவா. பிறகு இரண்டு இரண்டு பேராக எதிரெதிர்க் கதிரையில் அரைமணித்தியாலம் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேணும். வெட்டினால் திரும்ப முதலிலிருந்து. அதற்குப் பிறகு ஆட்கள் குந்துகிற ஒரு நீட்டு மரவாங்கைப் பார்த்து "எழும்பு" என்று கட்டளையிட வேணும். வாங்கு எழும்பாது. "எழும்பாத வாங்கோட கோவிக்காமல் நிக்கப் பழகினால், பெண்சாதியோடயும் கோவிக்காமல் இருக்கலாம்" என்பது ரீச்சரின் விளக்கம். உன்ர மனிசனின் முறை வந்தபோது அவர் வாங்கைப் பார்த்து, "எழும்பனப்பா, அற்புதம்" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஊரில் பெரிய சண்டை கருப்பநீரைப் பற்றித்தான். தினமும் காலையில் ஆளுக்கு ஒரு பேணி கருப்பநீர் கொடுக்கிறா. உனக்குத் தெரிந்ததுதான்: பனையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது இனிப்பான கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. குடிகாரனுக்குப் பனஞ்சாறு கொடுத்தா குடியை மறக்கப் பண்ணுவது என்று சனம் கேட்கிறது. மரம் ஏறும் வீரபாகுவுக்கு மூக்குக்கண்ணாடி உடைந்து ஆறு மாதம். வன்னியில் புதுக்கண்ணாடிக்கு எங்கே போவது? ஏறுவதும் கைப்பழக்கத்தில், தடவுவதும் கைப்பழக்கத்தில்.

இனி எனக்கு நடந்த அநியாயத்தைக் கேள். வாசலிலேயே ரீச்சர் என் வெத்திலைப் பெட்டியை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டா. "பாக்க வந்தவைக்கும் அதே சட்டம்தான், மாஸ்ரர்." நான் வெத்திலை போடுவது போதைக்கு அல்ல, சமிபாட்டுக்கு என்று சொன்னேன். "அன்ரனும் முதல்நாள் இப்பிடித்தான் சொன்னவர்" என்றா. எப்படி இருக்கிறது கதை! முதல் நாள் தலையிடி, இரண்டாம் நாள் கைநடுக்கம், மூன்றாம் நாள் வேலியில் நின்ற குரோட்டன் இலை வெத்திலையாகத் தெரியத் தொடங்கிவிட்டது. நேற்றுக் குசினியில் சமைக்கும் பேச்சியம்மாவைக் கெஞ்சி இலையும் பாக்கும் வாங்கினேன். சுண்ணாம்புக்கும் ஒரு வழி பண்ணிக்கொண்டேன். அது உனக்குத் தேவையில்லாத கதை.

இன்று ஐந்தாம் நாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசி. காலையில் கருப்பநீர் குடித்துக் கொஞ்ச நேரத்தில் இல்லம் திருவிழாவாகிவிட்டது. ஒருத்தன் வாங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு "எழும்பிட்டுதடா!" என்று முற்றத்தைச் சுற்றினான். கதிரையில் இருந்த இரண்டு பேர் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டே கட்டிப்பிடித்து அழுதார்கள். வாழ்க்கையில் கள்ளு வாசமே அறியாத ரீச்சர், "இண்டைக்கு நல்ல உறைப்பு" என்று மூன்றாம் பேணி கேட்டு, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டிப் பாட்டுப் பாடி ஆடினா. எனக்கு வாயில் வெத்திலை இருந்தபடியால் தப்பினேன். உன்ர மனிசனைத் தேடிப் போனால், கிணற்றடி வாழைக்குக் கீழே கண் சிவந்து குந்தியிருக்கிறார், பக்கத்தில் ஒரு முழு முட்டி வெறுமையாகக் கவிழ்ந்து கிடக்கிறது! மற்றவர்கள் பேணியில் குடிக்க இவர் முட்டியோடு குடித்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு கதையும் கதையாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே தங்கச்சி, என் முடிவு: இது சுத்தப் பித்தலாட்டம். அவரோடு சேர வராதே. கலியாணத்தன்று பிள்ளையை நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன். நிரோசினிக்கு மாமாவின் ஆசீர். உன் கண்ணீரை மாதா துடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
கி. கிறிஸ்தோப்பர்

பி.கு. (15ஆம் திகதி காலை): கடித உறையை ஒட்டப் பசை கேட்டுக் குசினிக்குப் போனேன். அங்கே அன்ரன் ஒரு சிரட்டையோடு நிற்கிறார். "பசையோ மச்சான்? இந்தாங்கோ, இதுக்குள்ள வேண்டியளவு கிடக்கு."

அது வீரபாகுவின் சுண்ணாம்புச் சிரட்டை. தங்கச்சி, உன்னிடம் மறைத்து என்ன? முந்தாநாள் பின்னேரம் அந்தச் சுண்ணாம்பு முழுவதையும் வழித்து எடுத்தவன் நான்தான். சிரட்டை வெறுமையாய்த் தெரியக்கூடாதென்று நிவாரணக் கோதுமை மாவைக் குழைத்து வைத்தேன். வீரபாகு பாவம், அதைத்தான் முட்டிகளுக்குத் தடவியிருக்கிறான். பத்துப் பேருக்கும் முதல் மிடறிலேயே கள்ளென்று தெரிந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. துப்பியது அன்ரன் மட்டும்தான். "நாலு மாதத்துக்குப் பிறகு நாக்கில பட்டது, மச்சான். கை தன்பாட்டில நீளப் பாத்தது. பயந்துபோனன். கண்ணுக்கு முன்னால கிடந்த முட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாழையடியில ஊத்திப்போட்டு, இருந்து அழுதனான். அவாவுக்கு இதை எழுதிப்போடாதேங்கோ."

என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. "நீங்களும் என்ன செய்வியள், அது பொல்லாதது" என்று என் முதுகைத் தடவினார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. நானே போய் ரீச்சரிடம் சொன்னேன். அவா தலையில் கட்டியிருந்த ஈரத்துணியைக் கூட அவிழ்க்காமல் என்னைப் பன்னிரண்டாவது ஆளாகப் பதிந்துவிட்டா. நாளை விடிய எனக்கும் சாக்கு. எதிர்க்கதிரையில் இருக்கப்போவது உன்ர மனிசன்தான்.

மேலே எழுதியதை மாற்றி எழுதக் கடதாசி இல்லை, நீயே வெட்டிவிடு. நிரோசினியின் கையை அவரே பிடிக்கட்டும், நான் பின்னால் வாறன். அழுததை எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

வா.