கிரேன் பாதிரியாரின் பட்டப்படிப்பு

போர்ட் பிளேரில் கிரேன் பாதிரியாரின் ஆலோசனையிலிருந்து தப்பித்தவர்கள் இரண்டே வகை. அன்று காலைதான் கப்பலில் வந்து இறங்கியவர்கள் ஒரு வகை. அன்று காலையே கப்பலேறிப் போய்விட்டவர்கள் இன்னொரு வகை. மற்ற அத்தனை பேருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு கவலையைக் கண்டுபிடித்து அதற்கு ஆறுதலும் சொல்லி அனுப்பியிருப்பார். எனக்கு மட்டும் அது தினசரி சேவை. காரணம், ஹேடோவில் தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸில் நான் அவருடைய அறைத்தோழன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் துறைமுக வேலை ஆபீசில் கடைநிலை குமாஸ்தா. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கப்பல் அணையும் ஜெட்டியில் சிக்னல்காரர். கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. இரைச்சலில் காதும் கேட்காது. இவர் கையைப் பார்த்துத்தான் ஓட்டுவான். ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டிச் சுழற்றினால் ‘ஹாபிஸ்’, தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்தினால் ‘ஆரியா’, இறக்கு. இரண்டு கைகளையும் அகல விரித்தால், அந்தரத்தில் யானையே தொங்கினாலும் அப்படியே நிற்க வேண்டும். கிரேன் மட்டுமல்ல, கீழே இருக்கிற ஒவ்வொரு கூலியும் நின்றுவிட வேண்டும். கண்ணாடிப் பெட்டி, மருந்துப் பெட்டி வந்தால் தனியாக ஒரு சைகை வைத்திருந்தார். கவிழ்த்த உள்ளங்கையில் விரல்கள் மட்டும் லேசாக அசையும், குழந்தையைத் தட்டித் தூங்கப்பண்ணுகிற மாதிரி. அதற்குப் பெயர் ‘ஆஹிஸ்தா ஆரியா’, மெதுவாக இறக்கு.

கிரேன் சரி, பாதிரியார் எங்கிருந்து வந்தார்? பாராடாங் தீவிலிருந்து வந்தார். அங்கே மரம் வெட்டும் கேம்பில் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் ஓலை வேய்ந்து ஒரு கோயில் கட்டிவிட்டு, உள்ளே நிற்க ஆள் இல்லாமல் இருந்தார்கள். ஒரு பண்டிகைக்கு இவர் படகில் போய் ஜெபம் பண்ணிவிட்டு வந்தார். “நீங்களே இங்க வந்துருங்க” என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இவருக்கும் அதே ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் மெயின்லேண்டில் இருக்கும் சபைப் பெரியவர்கள், பட்டம் வாங்காதவரை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

உடனே அங்குள்ள ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டார். தபால் வழிப் படிப்பு. ஊழியம், ஆலோசனை, போதனை என்று மூன்று பட்டங்கள் உண்டு, எது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

“மூணும் வேணும்னு எழுதிட்டேன்வே” என்றார்.

“ஒண்ணு எடுக்கத்தானே சொல்லியிருக்காங்க, அண்ணாச்சி?”

“பாராடாங்குக்குப் பிரசங்கத்துக்கு ஒருத்தன், புத்தி சொல்ல ஒருத்தன், புள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்க ஒருத்தன்னு மூணு பேராவே போவான்? போற படகுல ஒருத்தன் குந்தவே எடமில்ல.”

பல்கலைக்கழகம் யோசித்துப் பார்த்து, மூன்றையும் கலந்து ஒரே பட்டமாகக் கட்டிக்கொடுத்தது. அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி.

ஊழியத்துக்கு நான்தான் சபை. போதனைக்கு நான்தான் ஒன்றாம் வகுப்பு. சிலேட்டு கூட வாங்கிக் கொடுத்தார். ஆலோசனைக்கு நான்தான் மனம் உடைந்தவன். இந்தக் கடைசிப் பாடத்தில்தான் சிக்கல். எனக்குக் கவலை எதுவும் கிடையாது. தின்பதும் தூங்குவதுமாக நிம்மதியாக இருந்தேன்.

“ஒரு கவலைகூட இல்லாமலா மனுசன் இருப்பான்? நல்லா யோசிச்சுப் பாரும்வே” என்று கெஞ்சினார்.

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டெய்ரி ஃபார்ம் பேட்டையில் ஒரு பெண் இருப்பதாகவும், நீளச் சடை என்றும், என்னை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்றும் ஒரு கவலையைத் தயாரித்துக் கொடுத்தேன். மனிதர் சந்தோஷத்தில் அன்றைக்கு மீன் குழம்பில் எனக்குத் தலைத் துண்டு வைத்தார்.

பாடத்தில் ஒரு விதி இருந்தது. ஆலோசகர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. எதிராளி சொல்வதையே திருப்பிச் சொல்லி அவர் மனத்தைத் திறக்க வேண்டும். இதை அவர் பக்கத்து வரிசையில் குடியிருந்த அப்பாராவிடமும் அவர் மனைவியிடமும் சோதித்துப் பார்த்தார். புருஷன் தினமும் கூட்டாளிகளைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வருகிறார் என்று அந்த அம்மாவுக்குக் கோபம். தெலுங்குக்காரர்களுக்கும் தூத்துக்குடிக்காரருக்கும் நடுவில் எங்கள் தீவு ஹிந்திதான் பாஷை.

“யே ரோஜ் தோஸ்த் லோக் கோ லாதா ஹை!” என்றார் அந்த அம்மா.

“ரோஜ் தோஸ்த் லோக் கோ லாதா ஹை” என்றார் பாதிரியார், கண்ணை மூடிக்கொண்டு.

“மேரா பாத் நஹீ சுன்தா!” என் பேச்சைக் கேட்பதே இல்லை என்கிறார்.

“ஆப்கா பாத் நஹீ சுன்தா.”

அப்பாராவ் எழுந்துவிட்டார். “தும் கிஸ்கா தரஃப் ஹை?” நீ யார் பக்கமய்யா என்கிறார்.

“மை கிஸ்கா தரஃப் ஹை...” என்று இவர் உருக்கமாகத் திருப்பிச் சொன்னார்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “சலோ ஜி, இஸ்கா திமாக் கராப் ஹை”, வாங்க, இந்த ஆளுக்கு மூளை கெட்டுப்போச்சு என்று அந்த அம்மா புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டைச் சத்தமே இல்லை. இவரைக் கண்டால் இருவரும் சேர்ந்து கதவைச் சாத்துவார்கள்.

கடைசியில் செய்முறைப் பரீட்சை வந்தது. மெட்ராஸ் கப்பலில் பரீட்சகர் வந்து இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். வழி முழுக்க வாந்தி. தரையில் கால் வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “தம்பி, திரும்பிப் போறதுக்காக ஒரு தடவை இந்தக் கடலைத் தாண்டுவேன். அதுக்கப்புறம் இந்த ஜென்மத்துல தாண்ட மாட்டேன்.”

இந்த முறை தேறினால் உண்டு; தவறினால் பாராடாங் இல்லை என்று பாதிரியாருக்குப் புரிந்துவிட்டது. அன்று சோற்றைக் குழைத்துவிட்டார்.

போதனைப் பரீட்சை நன்றாகப் போயிற்று. டீக்கடை காசிம் பாய் பிஸ்கட் கொடுத்துப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார். மறுநாள் எங்கள் அறையில் ஆலோசனைப் பரீட்சை. பரீட்சகர் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். நான் ஒத்திகை பார்த்தபடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, டெய்ரி ஃபார்ம் பெண்ணைப் பற்றிச் சோகமாக ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்துவிட்டேன். இவர் திருப்பிச் சொன்னால் போதும், மார்க்கு நிச்சயம்.

பாதிரியார் என்னையே பார்த்தார். பிறகு பரீட்சகர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, இது பொய்க் கவலை. அப்படி ஒரு பொண்ணே கெடையாது. நான் டெய்ரி ஃபார்ம் பூரா வீடு வீடா ஏறி எறங்கிட்டேன். ஒரு வீட்ல நாய அவுத்து விட்டாவ.”

எனக்கு வந்த கண்ணீர் பாதியில் நின்றது.

“இவருக்கு உள்ள கவலை வேற, ஐயா. நான் பாஸாயிட்டா பாராடாங் போயிருவேன். இவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. அது போட்டும், பாய் கடையில தின்னுக்கிடுவாரு. தெனமும் நான் தொணதொணன்னு பேசிட்டுக் கெடக்கேன்லா, அது நின்னுட்டா இந்த ரூம்ல இவருக்கு ஒறக்கம் வராது. அத இவரும் சொல்ல மாட்டாரு. நானும் கேட்டுக்கிட மாட்டேன்.”

எதற்கும் ஒரு நக்கலான பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு மூலையில் கிடந்த சிலேட்டை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சகர் ஏதோ எழுதிக்கொண்டு வெளியே போனார்.

“தொலைஞ்சீங்க, அண்ணாச்சி. திருப்பிச் சொல்றதுதானே பாடம்?”

“ஆமாவே. வாய் கேக்கலியே” என்றார். “இனி நாளைக்குப் பிரசங்கந்தான் கரையேத்தணும்.”

ஞாயிற்றுக்கிழமை ஜெட்டியோரத்துக் காலி கோடவுனில் ஆராதனை. பாதிரியாருக்குப் பரீட்சை என்று தெரிந்ததும் ஹேடோவே திரண்டு வந்துவிட்டது. தமிழன், தெலுங்கன், வங்காளி, மலையாளி, அத்தனை கூலிகளும் தலை சீவி வந்திருந்தார்கள். காசிம் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் கோயிலையே பார்த்திராதவர்கள். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

பொறுமை என்பது பிரசங்கத் தலைப்பு. பாதிரியாருக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. நாக்கு நின்றதும் பழக்கத்தில் கைகள் வேலையை எடுத்துக்கொண்டன. “பரத்திலிருந்து...” என்று திக்கியபடி ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டி ஒரு சுழற்றுச் சுழற்றினார்.

ஹாபிஸ்! கோடவுன் முழுக்க ஒரே ஆளாக எழுந்து நின்றது.

பதறிப்போய், உட்காருங்கள் என்று உள்ளங்கையைக் கீழே அழுத்தினார். அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலிச் சத்தம், ஒரு செருப்புச் சத்தம் இல்லை. பரீட்சகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அதன் பிறகு பரம் வந்தபோதெல்லாம் எழுந்தோம். பூமி வந்தபோதெல்லாம் உட்கார்ந்தோம். இடுப்பு வலி கண்ட காசிம் பாய், “யா அல்லா, இவரு எதாவது ஒரு எடத்துல நிக்கட்டும்” என்று முனகினார்.

அப்போதுதான் சங்கு ஊதியது.

கல்கத்தா கப்பல்! இன்னும் சில நாள் ஆகும் என்று சொல்லியிருந்த கப்பல். மெட்ராஸ் கப்பலில் மூட்டைகள் வரவில்லை; ஊரில் உருளைக்கிழங்கு, வெங்காயம் தீர்ந்து வெகு நாளாகியிருந்தது. கல்கத்தா பக்கத்துக் கடிதாசி வந்தும் அவ்வளவு நாள்தான். அந்தமானில் சங்குச் சத்தம் கேட்டால் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைகூட ஜெட்டிக்கு ஓடுவான். முதலில் போகிறவனுக்குத்தான் முதல் வேலை. கூட்டம் வாசலைப் பார்த்துப் பாய்ந்தது. பொறுமையைப் பற்றிய பிரசங்கம் பாதியில் தொங்கியது.

பாதிரியார் இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

நின்றது, ஐயா, கூட்டம்! அப்பாராவ் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றார். காசிம் பாய் குல்லாவை மாட்டப்போன கையோடு நின்றார். சங்கு இன்னொரு தரம் ஊதியது. ஒருவரும் அசையவில்லை.

“ரெண்டே வார்த்தைவே” என்றார் பாதிரியார். “வெங்காயம் எல்லாருக்கும் வரும். முந்தி ஓடி மேல விழுந்து சாவாதிய. ஆமென். போங்க.”

என்னைத் தவிர கோடவுன் காலியானது. பரீட்சகர் எழுந்து வந்து, “எங்க பிஷப் வந்து நின்னாக்கூட ஜனம் இப்படி அடங்காது. எப்பேர்ப்பட்ட வல்லமை!” என்றார்.

நான் பின்னாலிருந்து பாதிரியார் காலை மிதித்தேன். பிரயோஜனமில்லை.

“வல்லமை இல்ல, ஐயா. அது கிரேன் சைகை. ஜெட்டியில இதுதான் எனக்கு வேலை. பழக்கதோசத்துல கை போயிருச்சு, அவனுவளும் பழக்கதோசத்துல நின்னுட்டானுவ.”

போச்சு. ஆலோசனையும் போச்சு, ஊழியமும் போச்சு. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பரீட்சகர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவர் கைகளைப் பார்த்தார். “இத்தனை வருஷத்துல உம்ம கையை நம்பி நின்ன எவன் தலையிலயாவது சரக்கு விழுந்திருக்கா?”

“ஒரு உருளைக்கெழங்கு மூட்டை விழுந்துச்சு, ஐயா.”

“யார் தலையில?”

“என் தலையிலதான்.”

கப்பலில் ஏறியதிலிருந்து அந்த மனிதர் அன்றைக்குத்தான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாந்தியெடுத்த அதே மும்முரத்தோடு சிரித்தார். “நீர் பாஸ். பாராடாங்குக்குப் போறதுக்கு மூட்டையைக் கட்டும். சிரிச்சதுல எனக்கே கொஞ்சம் தெம்பு வந்திருக்கு” என்றார்.

பட்டம் அடுத்த கப்பலிலேயே வந்து சேர்ந்தது. வழியனுப்ப ஹேடோவே ஜெட்டிக்கு வந்தது. அப்பாராவ் குடும்பம் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தது. படகில் ஏறுமுன் அவர் என்னிடம், “சோத்துல தண்ணி அளவா வையும்வே” என்றார். “முதல்ல நீங்க படகுல தண்ணி ஏறாமப் பாத்துக்கங்க, அண்ணாச்சி” என்றேன். பரீட்சை அன்றைக்கு விட்டுப்போன நக்கலை இங்கேயாவது சொல்ல வேண்டாமா?

படகு விலகியதும் எல்லோரும் ஆசீர்வாதத்துக்குத் தலையைக் குனிந்தார்கள். நான் குனியவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மட்டும் லேசாக அசைத்தார்.

ஆஹிஸ்தா ஆரியா. உடையும் சரக்குக்கு மட்டும் அவர் காட்டுகிற சைகை அது. அங்கேயே, ஈரமான ஒரு மூட்டையின் மேல், மெதுவாக உட்கார்ந்துகொண்டேன்.