ஒரு முழப் பிளாஸ்டிக்

ஒரெஸ்ட் ஒரு முடிவெடுத்துவிட்டால் அதை மாற்ற இந்த உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். கெட்ட நேரம், அந்த ஒருத்தியைத்தான் நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் கோயிலில் வைத்துக் கைபிடித்திருந்தார்.

இந்தத் தடவை முடிவு பெரியது. பழைய நாள்காட்டிப்படி அவர்கள் கொண்டாடும் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஜனவரி எட்டாம் தேதி காலையில், காப்பிக் கோப்பையை டொக்கென்று மேசையில் வைத்துவிட்டு அறிவித்தார்.

"பேஸ்மென்ட் சுவரு பூரா குளிர் தாங்குற பலகை அடிக்கப் போறோம்."

"நாமன்னா யாரு? நானா?" என்றாள் ஸ்லாவ்கா.

"ஆள் வெச்சு."

"வீடு கட்டி நூத்திப்பத்து வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் குளிருதா?"

"உன் முழங்காலுக்காகச் சொல்றேன். நாள் முழுக்க அந்த ஈரத்துல கிடக்கறே. முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

"என் முழங்கால் என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. உன்கிட்ட எப்பச் சொல்லிச்சு?"

ஒரெஸ்ட் காலிக் கோப்பையை எடுத்து மறுபடி உறிஞ்சினார். வினிபெக் குளிரில் முப்பத்து மூன்று வருஷம் ரயில் பெட்டிகளின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டித் தட்டி விரிசல் கண்டுபிடித்த மனிதர். இரும்பின் பொய்யைக் கண்டுபிடிப்பார். தன் பொய்யை மறைக்கத்தான் தெரியாது.

உண்மையான காரணம் முழங்கால் இல்லை. நெஸ்தோர்.

நெஸ்தோர் அவர்களுடைய ஒரே மகன். நிலவறையில் சாணை மெஷின் போட்டு, அந்தப் பேட்டைக்கே பனிச்சறுக்குக் காலணிகளின் பிளேடைத் தீட்டிக் கொடுத்தவன். போன நவம்பருக்கு முந்தின நவம்பரில் அவன் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. காலையில் சூப் குடித்தவன் சாயங்காலம் இல்லை. முப்பத்தாறு வயது. மெஷின் அப்படியே நிற்கிறது. யாரும் திரும்ப வாங்கிப் போக வராத காலணிகள் சுவர் முழுக்க ஆணிகளில் ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன. பழைய சுவர் அவ்வப்போது வியர்க்கிறது. பிளேடுகள் துருப்பிடிக்கப் பார்க்கின்றன. ஸ்லாவ்கா தினமும் கீழே போய் ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வருகிறாள்.

ஒரெஸ்ட் பதினான்கு மாதமாக அந்தப் படியில் கால் வைக்கவில்லை. ஒரு நாள் ஃபியூஸ் போனது. ஃபியூஸ் பெட்டி கீழே இருக்கிறது. மனிதர் அரை நாள் இருட்டில் உட்கார்ந்து, ஊர் முழுக்கவே கரண்ட் இல்லை என்று சாதித்தார். எதிர் வீட்டு ஜன்னலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில் செத்தவர்களுக்கென்று ஒரு தட்டு வைப்பது அவர்கள் வழக்கம். ஸ்லாவ்கா நெஸ்தோருக்குத் தட்டு வைத்தாள். தேனும் கசகசாவும் போட்ட கோதுமையை அதில் நிறைய வைத்தாள். ஒரெஸ்ட் அன்றைக்கென்று சமைக்கிற பன்னிரண்டு பதார்த்தத்தையும் தலை நிமிராமல் தின்று முடித்தார். ஸ்லாவ்கா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள். படிக் கதவு சாத்திக்கொண்டது. அப்போது எடுத்த முடிவுதான் இது. பலகை அடிக்கிற சாக்கில் கீழே இருப்பதையெல்லாம் காலி செய்வது, புதுச் சுவர் எழுப்புவது, கதவுக்குப் பூட்டுப் போடுவது. கண்ணில் படாவிட்டால் நெஞ்சு ஆறிவிடும் என்று நினைத்தார், பாவம்.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து டெனிஸ் என்கிற கொத்தனார் வந்தான். ஒரெஸ்ட் அவனை வாசலிலேயே மடக்கினார்.

"தம்பி, கீழ இருக்கற சாமானெல்லாம் பெட்டி கட்டி எங்கயாவது கொண்டுபோயிடு. ஈரத்துல கெட்டுப்போச்சுன்னு அவகிட்டச் சொல்லு."

"கெட்டுப்போச்சா?"

"எனக்கென்ன தெரியும், நான் பாக்கவே இல்ல."

டெனிஸ் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கீழே போனான். ஸ்லாவ்கா அவனுக்கு ஒரு கிண்ணம் பீட்ரூட் சூப் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அரை மணி கழித்து இரண்டு பேரும் மேலே வந்தார்கள்.

"அவசரப்பட்டுப் பலகை அடிச்சா உள்ள பூசணம் பிடிச்சுடும் ஒரெஸ்ட்," என்றான் டெனிஸ். "ஈரம் எங்கேருந்து வருதுன்னு முதல்ல தெரியணும். ஒரு முழச் சதுரத்துக்கு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கைச் சுவர்ல வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டியிருக்கேன். பிளாஸ்டிக்குக்குப் பின்னாடி தண்ணி கோத்தா சுவரே கசியுது, வெளியத் தோண்டாம பலகை அடிக்கக் கூடாது. முன்னாடி கோத்தா அது ரூம் காத்துல இருக்கற ஈரம், தாராளமா அடிக்கலாம். தினம் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

"இவ பாத்துச் சொல்லுவா," என்றார் ஒரெஸ்ட்.

"எனக்குக் கண்ணுல புரை," என்றாள் ஸ்லாவ்கா. "துளி எல்லாம் எங்க தெரியுது?"

கோயில் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடியில் அவர் மீசையில் ஒட்டிய பீர் நுரையைப் பார்த்துவிடுகிற கண்கள்தான்.

"கிழவன் பாத்துச் சொல்லுவான். சக்கரத்துல தலைமுடி அளவு விரிசலையே பாத்தவன், சொட்டுத் தண்ணியைப் பாக்க மாட்டானா?"

தன் கண்ணை மெச்சினால் ஒரெஸ்ட் எதற்கும் சம்மதிப்பார். ஸ்லாவ்காவுக்கு அது நாற்பத்தொரு வருஷமாகத் தெரியும்.

முதல் நாள் பதின்மூன்று படியையும் சாக்குப்போக்குச் சொல்லிச் சொல்லி இறங்கினார். வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டினது போல இந்தப் பக்கமும் பார்க்காமல் அந்தப் பக்கமும் பார்க்காமல் நேரே சதுரத்துக்குப் போனார். பின்னால் முத்து முத்தாகத் தண்ணீர். விழுந்தடித்து மேலே ஓடி வந்து போன் போட்டார்.

"பின்னாடி ஈரம்!"

"பிரிக்காம, காயுதான்னு தினமும் பாருங்க," என்றான் டெனிஸ்.

மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாளும் ஈரம்.

நாலாம் நாள் ஸ்லாவ்கா கீழே துடைத்துக்கொண்டிருந்தாள். "வந்ததுதான் வந்தே, இந்தக் காலணியைக் கொஞ்சம் பிடி."

"எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

ரிட்டயர் ஆனவரிடம் கேட்கக் கூடாத கேள்வி. பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார்.

ஆறாம் நாள் சூப்புக் கிண்ணம் கீழேயே வந்தது. "மேல வரைக்கும் தூக்கிட்டு வர முழங்கால் வலிக்குது. நீதான் சொன்னியே." ஒரெஸ்ட் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து குடித்தார். எண்ணெயும் தீட்டின இரும்பும் கலந்த வாசனை. மகன் சட்டையில் வரும் வாசனை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உப்பு அதிகம்," என்றார்.

"சரி," என்றாள் ஸ்லாவ்கா. உப்பு சரியாகத்தான் இருந்தது.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. சதுரம் காய்கிற வழியாக இல்லை. சுவரின் மற்ற இடமெல்லாம் உலர்ந்திருக்க, அந்த ஒரு முழம் மட்டும் ஏன் ஊற்றெடுக்கிறது என்று விரிசல் நிபுணர் ஒரு நாளும் யோசிக்கவில்லை. அடிப்பக்க டேப் மட்டும் தினமும் புதிதாக இருந்ததையும் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் இப்போதெல்லாம் அவர் சதுரத்தையே பார்ப்பதில்லை. காலையில் எழுந்ததும் கீழே போக ஒரு காரணம் இருந்தது, அது போதுமாக இருந்தது. ஒவ்வொரு காலணியிலும் நெஸ்தோர் கட்டிய அட்டைச் சீட்டு தொங்கியது. ஒன்றில், 'வாசில். ரொம்பத் தீட்டாதேன்னு சொல்வார். கேக்காதே.' ஒரெஸ்டுக்குச் சிரிப்பு வந்தது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, வழி மறந்து போனது மாதிரி மூக்கு வழியாக வந்தது.

இருபத்தொன்றாம் நாள் கடைசி ஆணிக்கு வந்தார்.

அது அவருடைய சொந்தக் காலணி. கறுப்புத் தோல், இடது பக்கம் மட்டும் பழுப்பு நாடா. பத்து வருஷமாகத் தொலைந்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் ஆறு உறைந்ததும் நெஸ்தோர் கேட்பான், "அப்பா, ஒரு ரவுண்டு வாயேன்." இவர் சொல்வார், "காலணியைக் காணோம்டா. கண்டுபிடிச்சதும் வரேன்." ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி, அதே பதில். படியில் கால் வைக்க முடியாமல் அவரைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பதில்தான்.

சீட்டைத் திருப்பினார். மகனின் கோணல் கையெழுத்து.

'அப்பா. பரண்ல இருந்துச்சு. இந்த வருஷமும் வரமாட்டார். இருந்தாலும் தீட்டியாச்சு.'

பிளேடில் விரலை வைத்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. பதினான்கு மாதம் ஒருத்தி துடைத்திருக்கிறாள்.

ஒரெஸ்ட் மெஷினைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாய்விட்டு, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதார். "ஒரு தடவை போயிருக்கலாம் ஸ்லாவ்கா. ஒரே ஒரு தடவை."

"ஆமா, போயிருக்கலாம்," என்றாள் அவள். பொய் ஆறுதல் சொல்லவில்லை. எண்ணெய்த் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். இரண்டு பேரும் ஒன்றாக அழுதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை ஒரெஸ்ட் அவள் எழுவதற்கு முன்பே கீழே போனார். சதுரத்தைப் பார்த்தார். பின்னால் ஈரம் இல்லை. முன்னால் ஈரம் இல்லை. பிளாஸ்டிக் சருகு மாதிரி உலர்ந்து கிடந்தது.

அவருக்குப் பகீரென்றது. காய்ந்துவிட்டது என்றால் வேலை தொடங்கிவிடும். டெனிஸ் பெட்டிகளோடு வருவான். நாமே ஆள் வைத்து நாமே சொன்னது. ஆணிகள் போகும், சீட்டுகள் போகும். தினமும் கீழே வருவதற்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இருக்காது.

விரிசல் நிபுணரின் மூளை வேலை செய்தது. குழாயில் கையை நனைத்தார். சதுரத்தின் மேல் தாராளமாகத் தெளித்தார். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு படியடியில் நின்று கத்தினார்.

"ஸ்லாவ்கா! இன்னிக்கும் பின்னாடி ஈரம்! பலகை அடிக்க முடியாது போல!"

ஸ்லாவ்கா இறங்கி வந்தாள். கண்ணாடிகூடப் போடவில்லை. கடைசிப் படியில் நின்றபடியே, பத்தடி தள்ளிச் சுவரைப் பார்த்தாள்.

"முன்னாடி இருக்கு."

"உனக்குத்தான் புரையாச்சே, எப்படித் தெரியும்?"

"முன்னாடி ஈரம்னா தாராளமா அடிக்கலாம்னுதானே அந்தப் பையன் சொன்னான்?"

ஒரெஸ்டின் கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "டெனிஸ் வர வேண்டாம் ஸ்லாவ்கா," என்றார், குரல் உடைந்து. "அவன்கிட்ட நான் ஒரு தப்பான காரியம் சொல்லிட்டேன்."

"பெட்டி கட்டற காரியமா? அன்னிக்கே சூப் குடிச்சுக்கிட்டே ஒப்பிச்சுட்டான். திங்கக்கிழமை வந்து பலகை மட்டும் அடிப்பான். இதே ஆணிய இதே வரிசையில புதுப் பலகையில அடிச்சுத் தருவான். இனிமே துருப்பிடிக்காது."

அவள் அவரைத் தாண்டிப் போய்ச் சதுரத்தின் அடிப்பக்க டேப்பை நகத்தால் ஒரே இழுப்பில் உரித்துக் காட்டினாள்.

"இப்படிப் பிரிச்சு, உள்ள தெளிச்சு, மறுபடி ஒட்டணும் கிழவா. முழங்கால் வலியோட மூணு வாரம் நான் செஞ்சேன், உன்னால ஒரு நாள் ஒழுங்காச் செய்ய முடியல."