அம்மா காலும் உன் கர்வமும்

அன்பு மகன் அமலனுக்கு, தூத்துக்குடியிலிருந்து அப்பா ரோச் எழுதுவது. மாதா கிருபையால் நாங்கள் இருவரும் சுகம், உன் அம்மாவின் வலது கால் நீங்கலாக. கோயம்புத்தூரில் நீயும் உன் கைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

பெருவிரல் பக்கம் துருத்தும் எலும்பைச் சின்னத் துளை வழியாகவே சரிசெய்கிற புது ஆப்பரேசனை நீ பழகுவதாகக் கேட்டதிலிருந்து, வேறு டாக்டரிடம் காலைக் காட்ட மாட்டேன் என்கிறாள் உன் அம்மா. நீயோ போனில், "அம்மா, எனக்கு இன்னும் லேர்னிங் கர்வ் இருக்கு, அது முடியட்டும்" என்றாய். போனை வைத்துவிட்டு அழுதாள். "பாத்தியளா, புள்ளைக்குப் படிச்ச கர்வம் இருக்காம், அவனே சொல்லுதான்." உன் கர்வம் அடங்கக் கோயிலில் பூசைக்கும் காசு கொடுத்துவிட்டாள், சாமியார் உன் பெயரையும் காரணத்தையும் மைக்கில் வாசித்தார். அது கர்வமில்லை, கை பழகும் காலம் என்று அப்புறம்தான் நீ எனக்கு விளக்கினாய்: எலும்பை நேரே பார்க்க முடியாது, எக்ஸ்ரே திரையைப் பார்த்தே அறுக்க வேண்டும், கை பழகும்வரை நேரமும் கூடும், ஸ்க்ரூவும் கோணும் என்று. எனக்குப் புரிந்தது. நானும் ஹார்பரில் கிரேன் ஓட்டியவன். கப்பலின் அடியறை கண்ணுக்குத் தெரியாமல், மேலே நிற்பவன் கையசைப்பதைப் பார்த்தே இறக்கப் பழகும்வரை நிறைய மூட்டை கிழித்தேன். மூட்டை கத்தாது, அதுதான் வித்தியாசம். அவளிடம் சொன்னால், "அவன் நடக்கப் பழகுனதே என் கால் மேல ஏறி நின்னுதான, கத்தியும் அங்கனயே பழகட்டும்" என்கிறாள்.

சரி, நீ முதலில் பழக வேறு ஆள் காலையாவது பிடித்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். பெரிய வியாழனன்று கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும்போது, நான் ஜெபிக்காமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போஸ்தலர்களாக உட்கார்ந்தவர்களில் இரண்டு பேருக்குப் பெருவிரல் பக்கம் நல்ல முண்டு. ஒருவன் நம் பக்கத்து வீட்டுக் கிளைட்டன். வெளியே மடக்கிக் கேட்டால், "அண்ணாச்சி, உம்ம மவன் படிக்க எங்காலா கெடச்சுது?" என்று செருப்பை மாட்டாமலே ஓடினான். அந்த ஓட்டம் ஓடுகிறவனுக்கு ஆப்பரேசன் தேவையில்லை.

ஆகவே மகனே, சீக்கிரம் வந்து இவள் காலிலேயே பழகு. போன கிறிஸ்துமஸுக்கும் நீ வரவில்லை. சீலா மீன் வாங்கினால் நடுத்துண்டை உனக்கென்று எடுத்துவைக்கிறாள், மறுநாள் நான் தின்கிறேன். உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறதப்பா.

மாதா உன் கைக்குத் துணை நிற்கட்டும்.

அப்பா
ரோச்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அம்மா இதை வாங்கிப் படித்துவிட்டாள். இங்கேயே கை பழகிய ஒரு டாக்டரிடம் அவள் நாள் குறித்தாயிற்றாம்; எனக்கே இப்போதுதான் தெரியும். எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். ஏன் மனசு மாறினாய் என்று கேட்டேன். "வேல இருந்தாத்தான் புள்ள வீட்டுக்கு வரணுமா? என்னைக்காவது சும்மா வருவான்லா, அன்னைக்கு ஸ்டேசன் வரை நடந்துபோவ எனக்குக் கால் வேணும்" என்கிறாள்.