வெந்தெலீனின் ஐந்து நட்சத்திர பீர்

வெந்தெலீன் கொடுத்த பாட்டில்களில் ஒன்றுகூட இன்னும் காலியாகத் திரும்பி வரவில்லை.

செக் நாட்டில், மொராவா ஆற்றங்கரையில், ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு துண்டு நிலம் எடுத்துத் தோட்டம் போடும் காலனியில், தன் தோட்டத்து வாசலில் ஒரு காலிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு, மீன்கடை திறக்கக் காத்திருக்கும் பூனை மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வாரமாச்சு ரூஷெனா! நல்ல பீரா இருந்தா ஒரு செக் நாட்டுக்காரன் வீட்டுல ரெண்டு வாரம் தங்குமா? ரெண்டு மணி நேரம் தங்குமா?"

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?" என்றாள் மனைவி, பாத்தியில் முட்டை ஓட்டை நொறுக்கித் தூவிக்கொண்டே.

"வாய்ல சொல்லுவாங்க. லிஃப்ட் கயிறு தாங்கும்னு கட்டட முதலாளிங்ககூட வாய்லதான் சொன்னாங்க. நான் எடை வெச்சுப் பாத்தவன்."

அது உண்மை. ஓய்வு பெறும்வரை அவர் லிஃப்ட் பரிசோதகர். அந்த வட்டாரத்தில் அவர் எடை வைத்துப் பார்க்காத லிஃப்ட் கிடையாது. கல்யாணத்துக்கு முன் ரூஷெனாவையே எடை பார்த்துத்தான் கட்டிக்கொண்டார் என்று ஒரு பேச்சு உண்டு. மனிதர்கள் பொய் சொல்லலாம், எண்கள் சொல்லாது என்பது அவருடைய மதம். அந்த மதத்துக்கு இப்போது ஒரு கோயிலும் கிடைத்திருந்தது. மகளின் பழைய லேப்டாப்பில், பீர் செய்முறை வகுத்துத் தரும் ஒரு மென்பொருள். மால்ட் என்னும் முளைகட்டிய பார்லி எவ்வளவு, கசப்புக்குப் போடும் ஹாப் பூ எவ்வளவு, புளிக்கவைக்க எந்த ஈஸ்ட் என்று கேட்கும். கேட்டுவிட்டு, வரப்போகும் பீரின் நிறம், கசப்பு, போதை எல்லாவற்றையும் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே சொல்லிவிடும். கூடவே பச்சையில் ஒரு பட்டை எரியும். பட்டை பச்சையாக இருந்தால் பீர் நல்ல பீர்.

சொந்த நாக்கு எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். அங்கேதான் வெந்தெலீனின் துயரம். போன வருஷம் அவருடைய கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் பீர் ஒரு சொட்டுக்கூட ஆகாது என்றுவிட்டார். செக் நாட்டுக்காரனிடம் போய் அப்படிச் சொல்வது, மீனைக் கூப்பிட்டு ஈரம் உடம்புக்கு ஆகாது என்பது போல. ரூஷெனாவோ தெற்கே திராட்சைத் தோட்டத்து வீட்டில் பிறந்தவள். ஒயின் குடிப்பாள், பீரைக் கையுறை போட்டுக்கொண்டுகூடத் தொடமாட்டாள். ஆகவே, தான் குடிக்க முடியாததை ஊர் குடித்துப் பார்த்தாவது ஆறுதல் அடைவது என்று வெந்தெலீன் முடிவு செய்தார். அதற்காகத்தான் இந்தத் தோட்டத்தையே எடுத்தார். மண்ணில் அவர் கைவைத்ததில்லை. கொதிகலன் வைக்க ஒரு கொட்டகை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. காலனி மன்றத்து மதுக்கூடத்தில் இரண்டு குழாய்கள். ஒன்றில் நகரத்து ஆலை பீர். இரண்டாவதில், இந்த வருஷ அறுவடை விழாவுக்கு, காலனிக்காரர் ஒருவரே காய்ச்சிய பீர் வரும், குழாய்க்கு மேலே பலகையில் அவர் பெயரும் இருக்கும் என்று மன்றம் அறிவித்துவிட்டது. வெந்தெலீன் அந்தப் பலகையைக் கனவில் பார்த்தார். லிஃப்டுகளில் அவர் பெயர் இருந்ததுண்டு, ஆனால் 'விபத்து நேர்ந்தால் அழைக்க' என்ற வரிக்குக் கீழே.

அதனால்தான் இந்தக் காலி பாட்டில் கவலை. முதல் பீரை மென்பொருள் சொன்னபடியே, இம்மி பிசகாமல் காய்ச்சியிருந்தார். பட்டை பச்சைப் பசேல் என்று எரிந்தது. பிறகு ஏன் பாட்டில் காலியாகவில்லை?

"கசப்பு ஜாஸ்தி, அதான்!" என்று தீர்மானித்தார். ஹாப் பூவின் அளவைக் கொஞ்சம் குறைத்து, 0,04 கிலோ என்று அடித்தார். அந்த ஊரில் தசமத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், காற்புள்ளிதான். மென்பொருளோ கடல் கடந்து வந்தது. புள்ளி ஒன்றுதான் அதற்குத் தெரியும். காற்புள்ளியைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் இருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, 'ஹாப் பூ: 0' என்று காட்டியது. பச்சைப் பட்டை சிவந்தது.

"பூஜ்யமா?" என்றார் வெந்தெலீன். ஒரு கணம் யோசித்தார். எண் சொல்லிவிட்டது. எண்ணை எதிர்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒரு பூகூடப் போடாமல் காய்ச்சி, தெரு முழுக்க விநியோகித்தார்.

இந்த முறை அதிசயம் நடந்தது. கொடுத்த மறுநாள் காலையிலேயே வேலியோரம் ஒதீலியா அம்மாள் வந்து நின்றார். தேவாலயப் பாடகர் குழுவை நடத்தி ஓய்வு பெற்றவர். இரண்டு கையிலும் காலி பாட்டில்.

"வெந்தெலீன், இன்னும் ரெண்டு கிடைக்குமா?"

வெந்தெலீன் நாற்காலியோடு எழுந்துவிட்டார். "அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா?"

"காலைல பாத்தா ஒரு சொட்டு மிச்சமில்ல. ராத்திரி மழை வேற. மழை பெஞ்சா கூட்டம் இன்னும் ஜாஸ்தி." சொல்லிவிட்டு, என்னவோ அவருக்கு முகம் சிவந்தது.

"கூட்டமா? உங்க வீட்டுலயா?"

"ஆமா... பக்கத்துத் தோட்டத்துலேர்ந்தெல்லாம் வருது. வாசனை பிடிச்சுத்தான் வருது. வாசனைதான் முக்கியம் வெந்தெலீன், அத மட்டும் குறைச்சுடாதீங்க."

அவர் போனதும் ரூஷெனா தலையை நிமிர்த்தினாள். "ஒதீலியா வீட்டுல கூட்டமா? அவங்க சொந்த அக்காவையே காபிக்குக் கூப்பிட மாட்டாங்களே!"

"நல்ல பீர் மனுஷங்களை மாத்தும்!"

"அது கிடக்கட்டும். இங்க நம்ம சாலட் கீரையப் பாரு. ஜன்னல் திரை மாதிரி ஓட்டை ஓட்டையா ஆக்கி வெச்சிருக்குதுங்க நத்தைங்க. முட்டை ஓடு, சாம்பல், எதுக்கும் அசையல. பக்கத்துல பாரு, ஒவ்வொரு கீரையும் பூசணிக்காய் சைஸ்!"

"மனசு சந்தோஷமா இருந்தா கீரை தானா வளரும். எல்லாம் என் பீர்" என்றார் வெந்தெலீன், லேப்டாப்பைத் திறந்தபடி.

மென்பொருளில் 'குடித்தவர் மதிப்பீடு' என்று ஓர் இடம் இருந்தது. எவ்வளவு வேகமாகப் பாட்டில் காலியாகிறதோ அவ்வளவு நட்சத்திரம் என்று அவரே ஒரு விதி வகுத்தார். முதல் பீருக்கு ஒரு நட்சத்திரம். இரண்டாவதற்கு ஐந்து. மென்பொருள் கொஞ்சம் யோசித்து, 'இதுபோல் இன்னும்?' என்று கேட்டது.

"இன்னும்!" என்று அழுத்தினார்.

அன்றிலிருந்து பீர் வேறு திசையில் நடக்க ஆரம்பித்தது. இனிப்பு ஏறியது. ஈஸ்ட் இரட்டிப்பானது. பாட்டிலுக்கு வெளியே இருந்து பார்த்தால் உள்ளே மழைக்காலத்து மொராவா ஆறே ஓடுவது போலக் கலங்கல். மூடியைத் திறந்தால், புளித்த ரொட்டி மாவின் வாசனை காலனியின் கடைசித் தோட்டம்வரை போய்ப் புறாக்களைக் கிளப்பியது. மென்பொருளின் பட்டை சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பாகி, கடைசியில் ஒரு செய்தியும் வந்தது: 'இந்தக் கலவை எந்த பீர் வகையிலும் சேராது.'

"புது வகையே கண்டுபிடிச்சுட்டேன் ரூஷெனா!" என்று வெந்தெலீன் கொட்டகையைச் சுற்றி நொண்டிக்கொண்டே ஓடினார்.

ஊரோ கையேந்தி நின்றது. ஒதீலியா அம்மாள் கைவண்டி கொண்டு வந்தார். எதிர்த் தோட்டத்து ஸ்பினெக் தினமும் வந்தான். அவன் வெந்தெலீனோடு ஒன்றாகப் பள்ளியில் படித்தவன், அதனால் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவான் என்று நம்பலாம்.

"யோவ், உண்மையச் சொல்லு. இதுல என்ன குறை?" என்று கேட்டார் வெந்தெலீன்.

ஸ்பினெக் கழுத்தைச் சொறிந்தான். "குறைன்னு இல்ல... காஸ் மட்டும் வேண்டாம். நுரை பொங்கி வழியுது. அப்புறம், சில்லுனு இருக்க வேண்டியதில்ல. வெதுவெதுன்னு இருந்தாலே போதும்."

"வெதுவெதுன்னா? நீ எப்பவுமே பனிக்கட்டி மாதிரி கேப்பியே!"

"இது வேறப்பா. தம்ளர்கூட வேண்டாம், அகலமான கிண்ணத்துல ஊத்தினா நல்லாப் போகுது."

வெந்தெலீனுக்கு ஆர்வம் தாங்கவில்லை. தன் பீரை மனிதன் எப்படித்தான் அனுபவிக்கிறான் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஒரு சாயங்காலம் வேலிக்கு இந்தப் பக்கம் குனிந்து எட்டிப் பார்த்தார். கீரைப் பாத்திகளுக்கு நடுவே ஸ்பினெக், கையில் பாட்டிலோடு, மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். குனிந்தான். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தான்.

வெந்தெலீனின் கண்கள் கலங்கிவிட்டன. ஸ்பினெக்கின் மனைவி வ்லாஸ்தா கறார் பேர்வழி. வீட்டில் அவனுக்கு ராத்திரி அரைத் தம்ளருக்கு மேல் அனுமதி கிடையாது. அந்தப் பெண்ணுக்குப் பயந்து, கீரைக்குள் ஒளிந்துகொண்டு அல்லவா என் பீரைக் குடிக்கிறான்! இந்த ரகசியம் என் உயிரோடு போகும் என்று அங்கேயே சத்தியம் செய்துகொண்டார். காஸையும் எடுத்துவிட்டார்.

விழா பீரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் வந்தது. மன்றத் தலைவர் கொன்ராட் புறா வளர்ப்பவர், பாத்தி கட்டாதவர். போட்டிக்கு ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவரும் பீர் கொண்டுவந்திருந்தார். பளிச்சென்ற பொன்னிறம், தொப்பி போட்டது போல நுரை. ஊரே அதை வாங்கி மடக் மடக் என்று குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டது. வெந்தெலீனின் ஜாடியை யாரும் திறக்கவில்லை.

"டாக்டர் பீருக்கு யார் யார்?" என்று தலைவர் கேட்டதும் கைகள் எழப்போயின.

வெந்தெலீன் எழுந்து நின்றார். "சரி. என் பீர் வேண்டாம்னா விடுங்க. இன்னையோட அடுப்பை அணைச்சுடறேன். இனிமே யாருக்கும் ஒரு பாட்டில்கூடக் கிடையாது."

எழப்போன கைகள் அந்தரத்தில் நின்றன.

"ஐயோ, இலையுதிர் காலம் பூரா மழைன்னு சொல்றாங்களே!" என்று அலறினார் ஒதீலியா அம்மாள்.

"தலைவரே, வெந்தெலீன் பீர்தான்!" என்று கத்தினான் ஸ்பினெக், இரண்டு கையையும் தூக்கி. ஒரு நொடியில் மன்றம் முழுக்கக் கைக்காடு. பல் டாக்டரே, பக்கத்துத் தோட்டக்காரி காதில் என்னவோ கிசுகிசுத்ததும், தன் பீரை விட்டுவிட்டு வெந்தெலீனுக்குக் கை தூக்கினார்.

வீட்டுக்கு நடக்கும்போது வெந்தெலீன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எதிராளியே எனக்கு ஓட்டுப் போட்டான், பாத்தியா?"

"பாத்தேன். அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றாள் ரூஷெனா.

விழா நாள். பொரித்த வாத்து, பிளம் பழம் வைத்த கோலாச் ரொட்டிகள், பித்தளை வாத்தியக் கோஷ்டி. இரண்டாவது குழாய்க்கு மேலே பெயின்ட் மணக்க ஒரு பலகை: 'வெந்தெலீன் பீர்'. அதற்குக் கீழே, ஒரு கையில் சோடாத் தண்ணீரோடு, மாப்பிள்ளை மாதிரி வெந்தெலீன்.

வழக்கப்படி முதல் குவளை தலைவருக்கு. வெதுவெதுப்பாக, நுரையில்லாமல், கஞ்சி மாதிரி இறங்கியது. கொன்ராட் "எல்லாருடைய ஆரோக்கியத்துக்கும்!" என்று சொல்லி ஒரு பெரிய வாய் குடித்தார்.

அதன் பிறகு அவர் முகத்தில் நடந்ததை எழுத்தில் கொண்டுவருவது கடினம். முதலில் கண் இரண்டும் மூக்கை நோக்கிக் கிளம்பின. பிறகு மீசை தானாக மேலே ஏறியது. விழுங்கவும் முடியாமல், துப்பவும் மரியாதை இல்லாமல், தன் வளர்ப்புப் புறா மாதிரியே தொண்டையை உருட்டினார். ஆர்வக்கோளாறில் ஒரு வாய் குடித்துப் பார்த்த கோஷ்டியின் எக்காளக்காரர் தன் எக்காளத்துக்குள்ளேயே துப்பிவிட, வாத்தியம் அன்று முழுக்க அழுதது. மற்ற யாரும் குவளையை உதட்டருகே கொண்டுபோகவில்லை. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெந்தெலீன்... என்னய்யா இது?" என்றார் தலைவர், ஒருவழியாக விழுங்கிவிட்டு.

"ஐந்து நட்சத்திர பீர்!"

"எவன்யா போட்டான் நட்சத்திரத்த?"

"இதோ, இவங்க எல்லாரும்!" வெந்தெலீன் கூட்டத்தைக் கைகாட்டினார். "ஒதீலியா அம்மா, சொல்லுங்க! உங்க வீட்டுக்குக் கூட்டம் வரலையா?"

ஒதீலியா அம்மாள் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

"ஸ்பினெக்! நீயாவது சொல்லுடா!"

ஸ்பினெக் வாத்துக்கால் ஒன்றை முழுசாக வாயில் திணித்துக்கொண்டான்.

வெந்தெலீன் பலகையைப் பார்த்தார். தன் பெயர் அதிலிருந்து இறங்கி நடந்து போவது போல இருந்தது. வேறு வழியில்லை, செய்த சத்தியத்தை உடைத்தார். கூட்டத்தில் நின்ற வ்லாஸ்தாவைப் பார்த்து, "அம்மா, என்னை மன்னிச்சுடுங்க. உங்க வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் உங்களுக்குத் தெரியாம, கீரைப் பாத்தியில மண்டி போட்டு இந்த பீரைத்தான் குடிக்கிறாரு. நான் என் கண்ணால பாத்தேன்!" என்றார்.

வ்லாஸ்தா புருஷனைப் பார்த்தாள், குவளையைப் பார்த்தாள், பிறகு வெந்தெலீனைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னாள்:

"குடிக்கிறாரா? முதல்ல குடுத்தீங்களே கசப்பு பீர், அதைத்தான் எல்லாரையும் போல இவரும் தீந்துபோயிடுமோன்னு தினம் அரைத் தம்ளரா ஆசையா வெச்சுக் குடிச்சாரு. இந்த பீரை நாங்க எல்லாரும் பாத்தியில கிண்ணம் புதைச்சுல்ல ஊத்தறோம், நத்தைங்க வாசனை பிடிச்சு வந்து விழுந்து சாகறதுக்கு!"